படியிலிருந்து கிலோவுக்கு
வரலாற்றுத் தொடர்: வாக்கும் வாக்குறுதியும் – பகுதி 12

2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் புதுச்சேரியின் ஒரே தொகுதியையும் தி.மு.க. தலைமையிலான கூட்டணி ஒருசேர வென்றதையும், அந்தத் தோல்வியின் அதிர்ச்சியில் ஜெயலலிதா அரசு தனது கடும் முடிவுகள் பலவற்றை அடுத்த சில நாள்களிலேயே திரும்பப் பெற்றதையும் சென்ற பகுதியில் கண்டோம்.

அப்படித் திரும்பப் பெறப்பட்டவற்றுள் ஒன்று இந்தப் பகுதிக்கு அடிப்படையானது. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பங்களின் அட்டைகளில் 'எச்' முத்திரை குத்தி, ரேஷன் அரிசி பெறும் உரிமையை நிறுத்திவைத்திருந்த ஏற்பாடுதான் அது. நியாய விலைக் கடையின் அரிசியில் கைவைத்த அரசை மக்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே சமயத்தில் உணர்ந்துகொண்ட தருணம் அது.

அந்தப் பாடத்தை ஏட்டில் எழுதிவைத்த ஆவணமாக 2006 சட்டமன்றத் தேர்தலுக்கான தி.மு.க. தேர்தல் அறிக்கை வெளிவந்தது. கிலோ 2 ரூபாய்க்கு அரிசி, தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத குடும்பங்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி, நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு 2 ஏக்கர் நிலம், கூட்டுறவுக் கடன் தள்ளுபடி, ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பு என்று அதன் வாக்குறுதிகள் நீண்டன. ஆட்சிப் பொறுப்புக்கு வெளியே ஐந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டு, 82 வயதை நெருங்கிக்கொண்டிருந்த மு. கருணாநிதி அந்த அறிக்கையோடு மக்களிடம் சென்றார்.

அந்த நொடியிலேயே ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாததாயிற்று. அதே கட்சி, அதே அரிசியை முன்வைத்து, அதே எதிர்க்கட்சி வரிசையிலிருந்து 39 ஆண்டுகளுக்கு முன் நடத்திய ஒரு பிரசாரம் தமிழகத்தின் நினைவிலிருந்து அகலாமல் இருந்தது. 1967இல் சி.என். அண்ணாதுரை சொன்னதைத்தான் 2006இல் கருணாநிதி திரும்பச் சொன்னாரா, அல்லது தோற்றத்தில் ஒன்றுபோலிருந்த இரு வாக்குறுதிகளும் அடிப்படையில் வெவ்வேறானவையா என்ற கேள்விக்கு விடை காண, முதலில் அந்தப் பழைய பிரசாரத்தை அதன் காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பற்றாக்குறையின் இரண்டு ஆண்டுகள்

1965-66, 1966-67 ஆகிய இரு வேளாண் ஆண்டுகளிலும் நாட்டின் பல பகுதிகளில் பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்தது. இந்தியா முழுவதன் அரிசி விளைச்சலும் சேர்த்து ஆண்டுக்கு 3 கோடி டன் என்ற அளவுக்குச் சரிந்தது. 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட தானியம் கப்பல்களில் வந்திறங்கியது. அதில் பெரும்பகுதி, தன்னிடம் மிஞ்சிய தானியத்தைப் பிற நாடுகளுக்கு அவற்றின் சொந்த நாணயத்திலேயே விற்க அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் வந்த கோதுமை.

கோதுமை வந்தாலும் சோறு உண்ணும் மாநிலத்தின் குறை தீரவில்லை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நெல்லையும் அரிசியையும் கொண்டுசெல்வதற்கு விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடுகளும், கிடைத்த சரக்கைப் பதுக்கிய வணிகமும், விலை ஏறிக்கொண்டே போன கடைவீதியும் சேர்ந்து, முதலமைச்சர் எம். பக்தவத்சலத்தின் ஆட்சியை நாள்தோறும் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் விசாரணைக்கு உட்படுத்தின. அவரையும் காமராஜரையும் 'அண்ணாச்சி' என்று விளித்து, அரிசி விலையும் பருப்பு விலையும் என்னவாயிற்று என்று எதுகையோடு கேட்ட முழக்கங்கள் தெருவெங்கும் ஒலித்தன.

இதில் கவனிக்கத்தக்க ஒரு முரண் உண்டு. அப்போது மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்து, உயர் விளைச்சல் விதைகளின் மூலம் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டுக்கொண்டிருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். விவசாயிகளிடம் தானியத்தைக் கொள்முதல் செய்து, சேமித்து, நாடெங்கும் அனுப்புவதற்கான இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கப்பட்டபோது அதன் தலைமையகம் சென்னையிலும் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலும்தான் அமைந்தன.

அரிசிப் பஞ்சத்துக்கு நிலையான தீர்வைத் தரவிருந்த நிறுவனம் பிறந்த மண்ணிலேயே, அதைப் பிறப்பித்த கட்சி அரிசியால் வீழவிருந்தது. அந்த நிறுவனம் பலன் தருவதற்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. காங்கிரஸ் கட்சிக்கு எஞ்சியிருந்ததோ சில மாதங்கள் மட்டுமே.

இவற்றோடு, இத்தொடரின் முந்தைய பகுதிகளில் விரிவாகக் கண்ட 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும், அதில் மாணவர்கள்மீது பாய்ந்த அடக்குமுறையும் ஆறாத புண்ணாக இருந்தன. மொழி இளைஞர்களைத் திரட்டியது. அரிசி குடும்பங்களைத் திரட்டியது.

விருகம்பாக்கத்தில் ஒரு கணக்கு

1966 டிசம்பர் இறுதியில் சென்னை விருகம்பாக்கத்தில் கூடிய தி.மு.க. மாநாடு, அந்தக் கட்சி தன்னை ஆட்சிக்குரிய கட்சியாக அறிவித்துக்கொண்ட மாநாடு எனலாம். தேர்தல் நிதியாக 10 லட்சம் ரூபாய் திரட்ட வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டிருந்தது. கட்சியின் பொருளாளராக இருந்த கருணாநிதி, ஊர் ஊராகச் சென்று திரட்டிய 11 லட்சம் ரூபாயை அண்ணாவிடம் ஒப்படைத்தார்.

வேட்பாளர் பட்டியலை அண்ணா படித்துக்கொண்டு வந்தபோது, சைதாப்பேட்டைத் தொகுதியின் முறை வந்ததும் வேட்பாளரின் பெயரைச் சொல்லாமல் 'பதினோரு லட்சம்' என்றே அறிவித்தார். கூட்டம் புரிந்துகொண்டு ஆர்ப்பரித்தது. 2006இல் தேர்தல் அறிக்கையை முன்வைத்த தலைவர், 1967 பிரசாரத்தைக் கேள்விப்பட்டு அறிந்தவரல்லர், அதன் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர் என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

அந்தப் பிரசாரத்தின் உயிர்நாடியாக விளங்கியது, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி. படி என்பது பழைய முகத்தலளவை. இடத்துக்கு இடம் அதன் கொள்ளளவு மாறினாலும், சென்னைப் படி ஒன்று ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ அரிசி கொள்ளும் எனக் கொள்ளலாம். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இலேயே வந்து கடைகளில் கிலோ புழக்கத்துக்கு வந்துவிட்டபோதிலும், வீட்டில் அரிசியை அளந்தவர்களின் கை படியையே அறிந்திருந்தது. மக்களின் கை அறிந்த அளவையில் பேசியது அந்த வாக்குறுதியின் முதல் வலிமை.

அதன் இரண்டாவது வலிமை அது இரண்டு அடுக்குகளாகக் கட்டப்பட்டிருந்ததில் இருந்தது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பதே அண்ணா வகுத்த வாசகம். மேலடுக்கு கனவுக்கு உரியது. கீழடுக்கு கணக்குக்கு உரியது. அதுவரை ஒருநாளும் ஆட்சி செய்திராத ஒரு கட்சி, கருவூலத்தின் நிலையையோ கிடங்கின் கையிருப்பையோ உள்ளிருந்து அறியாத நிலையில், தான் தரக்கூடியதற்கும் தர விரும்புவதற்கும் இடையில் ஒரு கோட்டைத் தானே போட்டுக்கொண்டது பொறுப்பான செயல் என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் தேர்தல் களத்தின் இயல்பு வேறு. மேடையில் இரண்டு அடுக்கும் சேர்ந்தே ஒலித்தன. மக்களின் நினைவில் நின்றதோ மூன்று படிதான்.

ஐந்து சதவீதத்தில் கவிழ்ந்த ஆட்சி

1967 ஜனவரி 12ஆம் நாள் நடிகர் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கழுத்தில் கட்டுடன் இருந்த அவருடைய படம் சுவரொட்டிகளாக மாநிலமெங்கும் பரவியது. பரங்கிமலைத் தொகுதியில் வாக்குக் கேட்டு ஒரு கூட்டத்திலும் பேச இயலாத நிலையிலேயே அவர் வென்றார்.

நினைவு இத்தகைய படிமங்களையே பற்றிக்கொள்கிறது. ஆனால் அந்தத் தேர்தலின் தீர்ப்பை விளக்குபவை எண்கள்.

1962இல் 46.14 சதவீத வாக்குகளைப் பெற்று 206 இடங்களில் 139ஐ வென்ற காங்கிரஸ், 1967 பிப்ரவரித் தேர்தலில் 41.10 சதவீத வாக்குகளைப் பெற்றது. இழந்தது ஐந்து சதவீதம்தான். ஆனால் 234 ஆக உயர்ந்துவிட்ட இடங்களில் அதற்குக் கிடைத்தவை 51 மட்டுமே. 174 இடங்களில் போட்டியிட்ட தி.மு.க. 40.69 சதவீத வாக்குகளுடன் 137 இடங்களை வென்றது. தனிக் கட்சியாக எண்ணினால் தோற்ற காங்கிரசே வென்ற தி.மு.க.வைவிடச் சற்று அதிக வாக்குகள் பெற்றிருந்தது என்ற உண்மை, அந்தத் தேர்தலைப் பற்றிய பொது நினைவில் இடம்பெறுவதே இல்லை.

இதன் காரணம் கூட்டணியில் இருக்கிறது. ஒரு தொகுதியில் யார் அதிக வாக்குப் பெறுகிறாரோ அவரே வென்றவர் என்ற முறையில், எதிர்ப்பு வாக்குகள் பிரிந்து கிடக்கும்வரை ஆளுங்கட்சிக்கு நாற்பது சதவீதமே போதுமானது. அந்தப் பிரிவினையை அண்ணா 1967இல் முடிவுக்குக் கொண்டுவந்தார். ராஜாஜியின் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக், சோஷலிஸ்ட் கட்சிகள், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம், சி.பா. ஆதித்தனாரின் நாம் தமிழர் இயக்கம் என்று கொள்கையில் எதிரெதிர்த் துருவங்களில் நின்றவர்கள் தொகுதி உடன்பாட்டில் ஒன்றுபட்டனர். தி.மு.க.வின் வேரான பெரியாரோ காமராஜருக்காகக் காங்கிரசை ஆதரித்தார்.

சுதந்திரா கட்சியும் மார்க்சிஸ்டுகளும் ஒரே மேடையில் நிற்பதற்கு, இருவருமே மறுக்க முடியாத ஒரு பொதுப் பிரச்சினை தேவைப்பட்டது. அந்தப் பொதுத் தளத்தை அமைத்துக் கொடுத்தது அரிசி. ஆகவே, மூன்று படி அரிசி வாக்குகளை நேரடியாகத் திரட்டியது என்பதைவிட, வாக்குகளைத் திரட்டிய அணிக்கு அது அடித்தளமாக அமைந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

விளைவுகள் கடுமையாக இருந்தன. பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார். பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட சி. சுப்பிரமணியம் கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியில் தோற்றார். விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார்.

கோட்டைக்குள் வந்த படி

1967 மார்ச் 6ஆம் நாள் அண்ணா முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். எதிர்க்கட்சியாக இருந்து சொன்னதை ஆளுங்கட்சியாக இருந்து அளக்க வேண்டிய கட்டம் அன்றே தொடங்கியது.

'நிச்சயம்' என்று சொல்லப்பட்ட ஒரு படி, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒன்றாக வழங்கப்பட்டது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது என்று அதைக் கொள்ளலாம். ஆனால் அந்த இரு நகரங்களின் எல்லையை அந்தப் படி தாண்டவில்லை. மாநிலம் முழுவதற்கும் அதை விரிப்பதற்கு அரசிடம் பணமும் இல்லை. பணம் கிடைத்திருந்தாலும் வாங்குவதற்குச் சந்தையில் போதிய அரிசியும் இல்லை. விலை வித்தியாசத்தை ஈடுகட்டும் மானியச் சுமை தாங்க முடியாததாகி, பின்னர் அத்திட்டமே கைவிடப்பட்டது.

1969 பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணா மறைந்தபோது மூன்று படி லட்சியமாகவே எஞ்சியிருந்தது. எதிர்க்கட்சிகள் அதை ஆண்டுக்கணக்கில் குத்திக்காட்டின. கட்சிக்காரர்களுக்கு அது பெருமையாகவும் குறையாகவும் ஒருங்கே மனத்தில் தங்கியது.

அண்ணா ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டும், மத்திய அரசு மட்டுமே தடுத்தது என்ற எதிர்வாதமும் அந்தக் காலத்தின் அடிப்படை உண்மையைத் தவறவிடுகின்றன. 1967இன் வாக்குறுதிக்குப் பின்னால் அதைத் தாங்கும் கிடங்கு இல்லை, கடை இல்லை, தானியம் இல்லை. விருப்பம் மட்டும் குறைவின்றி இருந்தது.

இடையில் எழுந்த அமைப்பு

அடுத்து வந்த நான்கு பத்தாண்டுகளில் அந்தக் கிடங்கும் கடையும் தானியமும் ஒவ்வொன்றாக உருவாயின. இந்தப் பணி எந்த ஒரு தலைவருக்கும் கட்சிக்கும் மட்டும் உரியதன்று என்பதே அதன் சிறப்பு.

சி. சுப்பிரமணியம் விதைத்த பசுமைப் புரட்சி, இந்தியாவின் அரிசி விளைச்சலை 2005-06இல் 9 கோடி டன்னுக்கு மேல் கொண்டுசென்றது. அதாவது 1966-67இன் விளைச்சலைப் போல மூன்று மடங்கு. 1972இல் கருணாநிதியின் ஆட்சியில் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல்லைக் கொள்முதல் செய்து, அரைத்து, கிடங்குகளில் வைத்துக் கடைகளுக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்றது. கூட்டுறவுச் சங்கங்கள் நடத்திய நியாய விலைக் கடைகள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கிராமங்களுக்குள் மேலும் பரவின. 1982 ஜூலை 1ஆம் நாள் அவர் தொடங்கிய சத்துணவுத் திட்டம், அரசின் கிடங்கிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் நாள்தோறும் அரிசி தவறாமல் போய்ச்சேர வேண்டும் என்ற கட்டாயத்தை ஏற்படுத்தியது.

1983இல் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் கிலோ 2 ரூபாய் அரிசி என்ற வாக்குறுதியோடு ஆட்சியைப் பிடித்தார். படியில் பேசிய அரிசி அரசியல் கிலோவில் பேசத் தொடங்கியது அங்கேதான்.

1997இல் மத்திய அரசு பொது விநியோக முறையை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது, தமிழகம் அந்தப் பிரிவினையைத் தன் கடைகளுக்குள் அனுமதிக்கவில்லை. அட்டை வைத்திருக்கும் எவரும் அரிசி வாங்கலாம் என்ற அனைவருக்குமான முறை இங்கே தொடர்ந்தது. இடையில் வந்த 'எச்' முத்திரை அந்த மரபை முறித்துப் பார்த்த முயற்சி, அது நிலைக்கவில்லை.

மறுபுறம், 2002ஆம் ஆண்டின் நடுவில் மத்தியத் தொகுப்பின் அரிசி, கோதுமைக் கையிருப்பு 6 கோடி டன்னைத் தாண்டிக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 1966இல் கப்பலை எதிர்பார்த்திருந்த நாடு, 36 ஆண்டுகளில் தானியத்தை எங்கே வைப்பது என்று திகைக்கும் நிலைக்கு வந்திருந்தது.

ஒரு குடும்ப அட்டையின் கணக்கு

இந்தப் பின்னணியில்தான் 2006இன் வாக்குறுதியை எடைபோட வேண்டும்.

அப்போது தமிழக ரேஷன் கடைகளில் அரிசியின் விலை கிலோ 3 ரூபாய் 50 காசு. ஓர் அட்டைக்கு மாதம் அதிகபட்சமாக 20 கிலோ. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கென மத்திய அரசு மாநிலத்துக்கு அளித்த அரிசியின் விலை கிலோ 5 ரூபாய் 65 காசு. எனவே அந்த அரிசியில் கிலோவுக்கு 2 ரூபாய் 15 காசை மாநில அரசு ஏற்கெனவே தன் கணக்கிலிருந்து செலுத்திவந்தது.

விலையை 2 ரூபாயாகக் குறைப்பது என்றால் கூடுதலாகக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய், 20 கிலோவுக்கு 30 ரூபாய். ஓர் அட்டைக்கு மாதம் 30 ரூபாய் என்பதுதான் அந்தப் பெரும் வாக்குறுதியின் உள்ளே இருந்த கூடுதல் செலவு. அட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் அது பெரும் தொகைதான். ஆனால் அது கணக்கிடத்தக்க தொகை. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதிவிடக்கூடிய தொகை.

அண்ணாவுக்கு இல்லாதிருந்த வசதி இதுதான். முதலமைச்சராக நான்கு முறை பதவியேற்றிருந்த கருணாநிதி, கருவூலத்தையும் கிடங்கையும் உள்ளிருந்து அறிந்தவர். அதனால் அவருடைய வாக்குறுதியில் லட்சியம், நிச்சயம் என்ற இரண்டு அடுக்குகள் தேவைப்படவில்லை; ஒரே எண் போதுமானதாக இருந்தது.

கூட்டணிக் கட்சியான காங்கிரசைச் சேர்ந்த அன்றைய மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரம், தி.மு.க.வின் தேர்தல் அறிக்கையையே அந்தத் தேர்தலின் கதாநாயகன் என்று வர்ணித்தார். 1967இல் கதாநாயகன் ஒரு முழக்கம். 2006இல் ஓர் அச்சிட்ட ஆவணம். இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று முதலில் சாடிய ஆளுங்கட்சியும் மாதம் 10 கிலோ அரிசி இலவசம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. எதிர்க்கட்சியின் வாக்குறுதியை ஆளுங்கட்சி மறுப்பதை விட்டு விஞ்ச முற்பட்ட அந்த நாள், தமிழகத் தேர்தல் வரலாற்றின் ஒரு திருப்புமுனை.

மே 11: பழைய கணக்கின் மறுபதிப்பு

2006 மே 8ஆம் நாள் ஒரே கட்டமாக வாக்குப்பதிவு நடந்தது. மே 11இல் வாக்குகள் எண்ணப்பட்டபோது, 1967இன் எண்களில் மறைந்திருந்த அதே வடிவம் மீண்டும் வெளிப்பட்டது.

188 இடங்களில் போட்டியிட்ட அ.தி.மு.க. 32.64 சதவீத வாக்குகளுடன் 61 இடங்களை வென்றது. 132 இடங்களில் போட்டியிட்ட தி.மு.க. 26.46 சதவீத வாக்குகளுடன் 96 இடங்களை வென்றது. காங்கிரஸ் 34, பா.ம.க. 18, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் 9, இந்தியக் கம்யூனிஸ்ட் 6 என்று கூட்டணிக் கட்சிகளின் இடங்களையும் சேர்த்தால் 163. இம்முறையும் தோற்ற ஆளுங்கட்சிக்குத் தனிக் கட்சி என்ற அளவில் வாக்குகள் அதிகம். இம்முறையும் வெற்றியைத் தீர்மானித்தது எதிர்ப்பு வாக்குகளை ஒன்றுசேர்த்த அணி.

2003 வேலைநிறுத்தத்தின்போது ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதன் கசப்பும் அந்த அணிக்கு உதவியது. விஜயகாந்தின் தே.மு.தி.க. முதல் தேர்தலிலேயே 8.38 சதவீத வாக்குகளைப் பெற்று, இரு பெரும் அணிகளுக்கும் வெளியே ஒரு வழி தேடியவர்கள் இருப்பதைக் காட்டியது.

ஆனால் ஒரு பெரும் வேறுபாடு இருந்தது. 1967இல் அணியின் துணையோடு வென்ற தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மையும் கிடைத்தது. 2006இல் பெரும்பான்மைக்குத் தேவையான 118 இடங்களுக்கு 22 குறைவாகவே கிடைத்து, காங்கிரசின் ஆதரவில் நிற்கும் அரசாகவே அது அமைந்தது. சொன்னதை உடனே செய்துகாட்ட வேண்டிய நெருக்கடி 1967ஐவிட 2006இல் கூடுதலாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மே 13இல் பதவியேற்ற மேடையிலேயே 2 ரூபாய் அரிசிக்கும், ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்கும், சத்துணவில் வாரம் இரு முட்டைக்கும் ஆணைகள் கையெழுத்தாயின. ஜூன் 3ஆம் நாள் 2 ரூபாய் அரிசி நடைமுறைக்கு வந்தது. சென்னை, கோவை என்ற எல்லை இப்போது இல்லை. மாநிலத்தின் எல்லா நியாய விலைக் கடைகளிலும் அதே விலை. 2008 செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணாவின் நூற்றாண்டு தொடங்கிய அன்று, அது கிலோ 1 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. நாளைத் தேர்ந்தெடுத்ததிலேயே 1967க்குச் செலுத்தப்பட்ட கடன் தெரிந்தது.

நிறைவேறிய லட்சியமும் நிறைவேறாத நிலமும்

இரண்டு வாக்குறுதிகளையும் ஒரே தராசில் நிறுத்தினால் வியப்பான ஓர் உண்மை தென்படுகிறது. ரூபாய்க்கு மூன்று படி என்றால் ரூபாய்க்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ. 1967க்கும் 2006க்கும் இடையில் விலைவாசி பத்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. குறைத்துக் கணக்கிட்டுப் பத்து மடங்கு என்றே கொண்டாலும், 2006இன் 2 ரூபாய் என்பது 1967இன் 20 காசு. அந்தக் கணக்கில் ரூபாய்க்கு 5 கிலோ அரிசி வருகிறது.

அதாவது, 2 ரூபாய் அரிசி 'நிச்சயம்' என்ற கீழடுக்கை மட்டுமன்றி, 'லட்சியம்' என்று வைக்கப்பட்ட மேலடுக்கையும் கடந்துவிட்டது. அண்ணா கண்ட கனவு அவருடைய காலத்தில் இரு நகரங்களில் மூன்றில் ஒரு பங்காக நின்று, 39 ஆண்டுகளுக்குப் பின் மாநிலம் முழுவதும் முழுமையாக நிறைவேறியது.

அதற்குக் காரணம் பின்னவர் முன்னவரைவிடத் திறமையாகப் பேசியதன்று. இடைப்பட்ட காலத்தில் வயலிலும் கிடங்கிலும் கடையிலும் நடந்த உழைப்பே காரணம். இதற்கான சான்று அதே 2006 அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது. அரிசிக்குப் பின்னால் நாற்பதாண்டு அமைப்பு நின்றது. அந்த வாக்குறுதி சில வாரங்களில் நிறைவேறியது. 2 ஏக்கர் நிலத்துக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. வழங்குவதற்கேற்ற தரிசு நிலம் போதிய அளவில் கிடைக்காமல், அந்தத் திட்டம் எதிர்பார்ப்புக்கு வெகு தூரம் பின்தங்கி, அடுத்த ஆட்சி மாற்றத்தோடு முடிந்துபோனது. ஒரே தலைவர், ஒரே ஆவணம், ஒரே உறுதி. ஆனால் ஒன்று 1967இன் குறையை நீக்கியது, மற்றொன்று அதே குறையைத் திரும்பவும் கொண்டுவந்தது.

நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு நிலம்தான் தலைமுறைகளை மாற்றியிருக்கும் என்பதால், அந்தத் தோல்வி அரிசியின் வெற்றியில் மறக்கப்பட்டுவிடக் கூடாது. ஒரு வாக்குறுதியை மதிப்பிட விரும்பும் வாக்காளர் அதைச் சொன்னவரின் குரலைப் பார்ப்பதோடு நிற்காமல், அதைத் தாங்குவதற்கு நாட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதே இந்த இரு பிரசாரங்களும் சேர்ந்து தரும் படிப்பினை.

ஆயினும் 2006 வேறொரு கதவையும் திறந்துவிட்டது. அரிசியோடு சேர்ந்து அறிக்கையில் இடம்பெற்ற வண்ணத் தொலைக்காட்சி, பசியோடு தொடர்பில்லாத ஒரு பொருளையும் தேர்தல் வாக்குறுதியாக்கலாம் என்று காட்டியது. 2011இல் எதிர்க்கட்சியாக இருந்த அ.தி.மு.க. விலையில்லா அரிசியோடு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று அதே வழியில் மேலும் முன்னேறியது. இதற்கிடையே, தொலைக்காட்சித் திட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றுவிட்டிருந்தது.

வாக்குறுதிக்கு எல்லை உண்டா, உண்டென்றால் அதை வகுக்க வேண்டியது நீதிமன்றமா, தேர்தல் ஆணையமா, வாக்காளரா என்ற கேள்விக்கு 2013 ஜூலை 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பு கேள்வியை முடித்துவைத்ததா?

(அடுத்த வாரம்)